உப்பைச் சீவித் தின்னும் எலி

வாசகர் ஒருவர் ஒரு காணொளியை அனுப்பி, “அர்ஜென்டினாவில் ஓர் எலிக்கு 102 குரோமோசோம்களாமே! மனிதனைவிட இரு மடங்குக்கு மேல். அப்படியானால் பரிணாமத்தில் அது நம்மைத் தாண்டிவிட்டதா?” என்று கேட்டிருக்கிறார். 102 என்பது உண்மை, மீதியெல்லாம் பின்னணி இசை. நமக்கு 46, உருளைக்கிழங்குக்கு 48, நாய்க்கு 78. இந்த எண்ணை வைத்து யாருக்கும் முதல் வரிசையில் நாற்காலி போட முடியாது. பாலூட்டிகளிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை இந்தியக் கேளையாட்டுக்குத்தான்: பெட்டைக்கு 6, ஆணுக்கு 7. அதனால் அதற்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

காணொளியின் நாயகன் சிவப்பு விஸ்காச்சா எலி. விலங்கியல் பெயர் டிம்பனாக்டோமிஸ் பர்ரேரே. ஆண்டிஸ் மலைத்தொடரின் இரு பக்கமும் சிலி, அர்ஜென்டினா, பொலிவியா நாடுகளில் வாழும் ஆக்டோடான்டிடே என்ற சிறிய கொறிவிலங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் தேகு இதன் உறவுக்காரன்.

இதற்குப் பெயர் வாங்கித் தந்தது 1999இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு. சிலி நாட்டின் மில்டன் கயார்தோவும் குழுவினரும், இந்த எலியில் மரபுத்தொகுதி முழுவதும் இரட்டித்து நான்கு படிகளாக இருக்கிறது என்றார்கள். தாவரங்களில் இது சாதாரணம். பாலூட்டிகளில் நடக்காது என்று எல்லோரும் நம்பியிருந்த சங்கதி. விட்டுவிடுவார்களா? ‘உலகின் ஒரே நான்மடிப் பாலூட்டி’ என்று தலைப்புகள் பறந்தன. நான்மடி என்ற ஊகத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. நெருங்கிய உறவான ஆக்டோமிஸ் எலிக்கு 56 குரோமோசோம்கள், டிஎன்ஏவும் கிட்டத்தட்ட பாதிதான். ஆனால் 56-ஐ இரட்டித்தால் 112 வரவேண்டும். மீதிப் பத்தைத் தொலைந்த கணக்கில்தான் எழுத வேண்டும். நான்கு படிகள் என்றால் ஒவ்வொரு குரோமோசோமும் நான்கு முறை தென்பட வேண்டும் அல்லவா? 2005இல் ஸ்வார்ட்மனும் கூட்டாளிகளும் ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தபோது, மற்ற பாலூட்டிகளைப் போல இரண்டிரண்டுதான் தெரிந்தன. திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டுகள் பெருகியதால்தான் மரபுத்தொகுதி ஊதிப்போயிருக்கிறது என்று 2017இல் வந்த விரிவான ஆய்வும் சொன்னது. காணொளிக்காரருக்கு இந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

இவ்வளவு கூச்சலுக்கு நடுவே யாரும் கவனிக்காத இடம் அதன் வாய். என்னைக் கேட்டால், 102-ஐவிட அங்கே இருக்கும் இரண்டு முடிக்கற்றைகள்தான் பெரிய விஷயம்.

ஆண்டிஸின் மழைமறைவில் கிடக்கும் மாண்டே பாலைவனத்தில், மெண்டோசா மாகாணத்து உப்பளத் தரைகளில் இந்த எலி வாழ்கிறது. அங்கே முக்கியமான பசுமை அட்ரிப்ளெக்ஸ் போன்ற உப்புச்செடிகள். நம் கடலோரத்து உமரிக்குத் தூரத்து உறவு. அட்ரிப்ளெக்ஸ் வேரால் உறிஞ்சிய உப்பை இலையின் மேற்பரப்பில் குட்டிக் குட்டிப் பைகள் போன்ற செல்களுக்குத் தள்ளிவிடும். இலை சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருப்பது இவற்றால்தான். மேலே உப்பு, உள்ளே நீரும் மாவுச்சத்தும்.

கருவாட்டை வெந்நீரில் அலசி உப்பை இறக்கித்தானே குழம்பில் போடுவோம்? அலசத் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் இல்லை. தாகத்துக்கான தண்ணீர் மொத்தமும் அந்தக் கருவாட்டுக்குள்தான் இருக்கிறது. அப்படியே தின்றால், உள்ளே போன உப்பைச் சிறுநீரில் கழிக்கக் கருவாடு தந்த தண்ணீர் போதாது, குழம்பு வைத்தவரே வற்றிப்போவார். சுரண்டலாம். கத்தி? இல்லை. கையில் இல்லாத கத்தி வாய்க்குள் முளைத்தால்தான் உண்டு. உண்மையான கருவாட்டில் உப்பு நடுமுள் வரை ஊறியிருக்கும், சுரண்டியும் பயனில்லை. இலையில் அது மேலோடு நின்றுவிடுகிறது. என் உதாரணம் இங்கே கைவிட்டுவிடுகிறது, எலிக்கு வழி பிறப்பதும் இங்கேதான்.

மேல் வெட்டுப்பற்களுக்குப் பின்னால், வாயின் இரு பக்கமும் விறைத்த முடிகள் கற்றையாக நிற்கின்றன, இன்னொரு ஜோடிப் பற்கள் போல. மைக்கேல் மேர்ஸ், ரிக்கார்டோ ஒகேதா முதலியோர் 1997இல் ‘பயோசயின்ஸ்’ இதழில் இதை விவரித்தார்கள். எலி முன்னங்கால்களால் இலையைப் பிடித்து வாய்க்குள் நகர்த்தும்போது கீழ் வெட்டுப்பற்களும் முடிக்கற்றைகளும் சேர்ந்து உப்புத்தோலை உரித்துத் தள்ளுகின்றன. எஞ்சிய பச்சைச் சதைதான் உணவு, அதுவே தண்ணீர். கொறிவிலங்குகள் பலவற்றுக்குக் கன்னத்து முடி வெட்டுப்பற்களுக்குப் பின்னே உள்மடிந்து வளர்வதுண்டு, மண்ணும் தூசியும் தொண்டைக்குப் போகாமல் தடுக்க. இங்கே அதே இடத்து முடி கருவியாகிவிட்டது. தப்பி உள்ளே போகும் உப்பைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது.

வரலாறு இல்லாமல் அறிவியல் கட்டுரையை ஆசிரியர் ஏற்கமாட்டார் என்பதால் ஒரு வரி: இந்த எலியை 1941இல் முதலில் விவரித்தவர் அமெரிக்க விலங்கியலாளர் பார்பரா லாரன்ஸ். ஆக்டோடான்டிடே குடும்பத்தின் மூதாதையர் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து தென் அமெரிக்கா வந்தவர்கள். போதும்.

வட அமெரிக்கப் பாலைவனத்தில் டிப்போடோமிஸ் மைக்ரோப்ஸ் என்ற கங்காரு எலி, இலையின் உப்புத்தோலைச் சீவும் இதே வேலையைச் செய்வதை கெனகி 1972இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். அதற்கு முடிக்கற்றை இல்லை. உளி போலத் தட்டையான கீழ்ப்பற்களால் சீவுகிறது. வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் கொழுத்த மணல் எலியும் உப்புச்செடி தின்று வாழ்வதுதான். அதுவும் பல்லால் சுரண்டும், ஆனால் பெருஞ்சுமை சிறுநீரகத்தின் மேல். மூன்றும் நெருங்கிய சொந்தம் இல்லை. ‘இயற்கையின் ஒரே தீர்வு’ என்று எழுதத் துடிப்பவர்கள் கவனிக்க: மூன்றின் கருவிப்பெட்டியும் ஒன்றல்ல.

இப்படி ஓர் உணவுக்கே பழகிய உடலுக்கு வேறு உணவு ஒத்துக்கொள்வதில்லை: மணல் எலியை ஆய்வகத்துத் தானியத் தீவனத்தில் வளர்த்தால் நீரிழிவு வந்துவிடும். விஸ்காச்சா எலியின் உறவான தேகு உப்புச்செடிக்காரன் அல்ல, சிலி நாட்டுப் புல்லும் புதர் இலையும் அதன் உணவு. ஆனால் அதன் இன்சுலின் மற்ற பாலூட்டிகளுடையதிலிருந்து ரொம்பவே விலகியது. சர்க்கரை சேர்ந்தால் அதற்கும் நீரிழிவு, கூடவே கண்புரை. தேகு வளர்ப்பவர்களிடம் பழத்துண்டைக்கூட நீட்டாதீர்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.