மழை நாளில் ஒரு ஜெபம்

விடியற்காலையில் மழை பிடித்தால் பட்டை நனைந்துவிடும். மரம் வெட்ட முடியாது. அன்றையச் சம்பளமும் போச்சு! 1979 மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் பல அடுப்புகள் குளிர்ந்து கிடந்தன.

பக்கத்து வீட்டு அக்கா கணவனை இழந்தவர், மூன்று பிள்ளைகள். ராத்திரியானால் விளக்கேற்றி, பிள்ளைகளோடு முழந்தாளிட்டு ஏசுவை வேண்டுவார். ‘ஜெபம் பண்ணினா அரிசி வருமா?’ என்று கேலி பேசியவன் நான். அவரோ வேலியோரத்து மரவள்ளியைப் பிடுங்கி அவித்து, எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்பினார்.

“மழை நின்னுச்சாக்கா?”

“மழை நிக்கல தம்பி. ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சேன், பயம் நின்னுச்சு.”

மறு ஆண்டு ஜூலை 26, புனித அன்னாள் திருநாள். சில்லறை சேர்த்து, பிள்ளைகளோடு புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்குப் பஸ் ஏறினார்.

“என்ன வேண்டிக்கிட்டீங்க?” என்றேன் திரும்பி வந்தவரிடம்.

“வேண்டவா போனேன்? நன்றி சொல்லத்தான்!”

கையில் எங்களுக்கும் ஒரு போத்தல் ஊற்றுத் தண்ணீர் இருந்தது.