தளர்ந்த கையும் காந்தச் சுருளும்

பிறந்து ஓராண்டு நிறையுமுன் ஒரு குழந்தை எப்பொருளையும் இடக்கையாலேயே பற்றுமாயின், அஃது இடக்கைப் பழக்கம் என்று பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். அத்துணை இளமையில் எக்குழந்தையும் ஒரு கையை மட்டும் தேர்ந்து கொள்வதில்லை. மற்றைக் கை முட்டி மடங்கிச் சோர்ந்திருக்குமாயின், அது மூளை முடக்குவாதத்தின் அறிகுறியாதல் கூடும்.

இக்குறை கையிலோ காலிலோ தோன்றுவதன்று. பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த சின்னாளிலோ வளரும் மூளைக்கு நேர்ந்த ஊறே இதற்குக் காரணம். அவ்வூறு மேலும் பரவுவதில்லை. ஆயினும் உடல் வளர வளரத் தசைகள் இறுகி நடையையும் பிடியையும் குலைக்கின்றன. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் என்பார் 1861-ஆம் ஆண்டில் இதனை விளக்கியுரைத்தார். அவர்தாமும் வளைந்த பாதத்தோடு இளமையைக் கழித்தவர். பேச்சுக் குழறும் குழந்தையை அறிவற்றதென இகழ்வாரும் உளர். நாவின் தசை தளர்ந்தால் அறிவும் தளர்ந்ததாகுமோ?

அழிந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை. எனினும், எஞ்சிய பகுதிகள் பயிற்சியால் புதுத் தொழில் கற்க வல்லன. இவ்வுண்மையைக் கொண்டு எட்வர்டு டாப் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு முறையை வகுத்தார். நலமுள்ள கைக்கு உறையிட்டு அடக்கிவிட்டு, தளர்ந்த கையையே நாள்தோறும் பல மணிநேரம் விளையாட்டில் ஈடுபடுத்துவது அம்முறை. குழந்தை முதலில் சினந்து அழும், பின்னர்ப் பந்தை உருட்டும், குவளையைப் பற்றும்.

மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கும் இயல்பின. ஒரு பாதி நலிந்தால், மற்றது அதனை அளவு கடந்து அடக்குதலும் உண்டு. அவ்வடக்குமுறையைத் தணிக்கக் காந்தம் துணையாகிறது. மாறுகின்ற காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்பதை 1831-இல் ஃபாரடே கண்டார். 1985-இல் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர், தலையின்மேல் வைத்த கம்பிச்சுருளால் மூளையைத் தூண்டிக் கையை அசையச் செய்தனர். கத்தியும் இல்லை, குருதியும் இல்லை! மெல்லிய விட்டுவிட்ட துடிப்புகள் நலமுள்ள பாதியைச் சற்றே அமைதிப்படுத்தும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஒருபக்க முடக்கமுள்ள குழந்தைகளுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தூண்டலையும் கைப்பயிற்சியையும் சேர்த்தளித்து ஆராய்ந்துள்ளனர். சில ஆய்வுகளில் இரண்டும் சேர்ந்தவழி நன்மை மிகுந்தது. தலையின்மேல் மெல்லிய மின்னோட்டம் செலுத்திய வேறு ஆய்வுகளிலோ, பொய்த் தூண்டல் பெற்ற குழந்தைகளும் பயிற்சியினால் முன்னேறினர். ஆதலின் தூண்டல் இன்னும் ஆய்வுநிலையிலேயே உள்ளது. வலிப்பு வரக்கூடிய குழந்தைகளிடத்து அதனைப் பெரிதும் எச்சரிக்கையோடு கையாளவேண்டும். சுருளின் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதன்பின் பொத்தானை மாட்டவும், கட்டைகளை அடுக்கவும் குழந்தையோடு மணிக்கணக்கில் அமர்ந்திருப்பவர் இயன்முறை மருத்துவரே.