வாசலில் கூப்பிடுவது கேட்கிறதா?



"ரத்தத்துல சர்க்கரை ஏறிப்போச்சுன்னு சொல்றாங்க. சர்க்கரைதானே உடம்புக்குத் தெம்பு? அப்புறம் எனக்கு ஏன் இவ்வளவு அசதி?" சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா இப்படிக் கேட்டார். மாத்திரையால்தான் அசதி என்று நினைத்து, யாரிடமும் கேட்காமல் அதை நிறுத்தியும் விட்டார். அவருக்கு நாம் சொன்ன பதிலை எல்லாரும் தெரிந்துகொள்வோம்.

நம் உடம்பு செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன வீடு மாதிரி. இந்த வீடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ரசாயனம்தான் அவற்றின் பேச்சு. ஒரு செல் விடும் ரசாயனம் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றும். அதைப் பிடிப்பதற்கான 'ஏற்பி' எந்த செல்லில் இருக்கிறதோ, அதற்கு மட்டுமே சேதி கேட்கும். ஏற்பி என்பது செல்லின் வாசலில் உள்ள காது.

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் சேர்கிறது. உடனே கணையம் இன்சுலினை அனுப்புகிறது. நம் ஊக்குநர் வாசலில் நின்று, "அக்கா, கூட்டத்துக்கு வாங்க" என்று கூப்பிடுவாரே, அதுபோலத்தான். இன்சுலின் ஏற்பியில் ஒட்டியதும் சேதி உள்ளே போகும். தசை செல்லின் கதவு திறந்து, சர்க்கரை உள்ளே நுழையும்.

இதில் இரண்டு விதமாகக் கோளாறு வரலாம். சிலருக்குக் கணையம் இன்சுலினே சுரக்காது. கூப்பிட ஆளே இல்லை. இவர்களுக்கு ஊசி கட்டாயம் வேண்டும். 1922-ல் கனடாவின் டொரோண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பதே அரிது.

நம்மில் பலருக்கு வருவது இரண்டாவது வகை. இன்சுலின் இருக்கிறது, கூப்பிடவும் செய்கிறது. ஆனால் செல்லுக்குச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாக அனுப்பி அனுப்பிக் கடைசியில் களைத்துவிடுகிறது. சர்க்கரை தெருவில் குவிந்து கிடக்க, வீட்டுக்குள்ளே பட்டினி. அசதிக்குக் காரணம் இதுதான். தெருவில் தேங்கிய சர்க்கரை கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாவற்றையும் மெல்ல மெல்லக் கெடுக்கும்.

சரி, என்ன செய்யலாம்?

* நடக்க வேண்டும். தசை வேலை செய்யும்போது, இன்சுலின் கூப்பிடாமலே சர்க்கரைக்குக் கதவு திறக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடங்கள்.
* மெட்ஃபார்மின் மாத்திரை கல்லீரல் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. செல்லின் காதும் கொஞ்சம் திறக்கிறது. நிறுத்தினால் பழைய கதைதான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* 30 வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி கேட்ட அக்கா மறுநாளே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது மாத்திரையும் போடுகிறார், சாயங்காலம் இரண்டு பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நடக்கவும் போகிறார். உங்கள் குழுவிலும் யாராவது மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களா? அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்!