வீடு வீடாகச் சென்ற பெண்கள் உருவாக்கிய வைத்தியசாலை



யுத்த காலத்தில், நிறைமாதக் கர்ப்பிணியாக மூதூரிலிருந்து லோஞ்சில் ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து பிரசவத்திற்குப் போனவள் நான். அங்கிருந்து தூரத்து வைத்தியசாலை ஒன்றிற்கு மாற்றினார்கள். தாதியின் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவருக்குத் தெரியாது. எங்கே வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியவில்லை. அந்தத் தனிமையை இன்றும் மறக்கவில்லை.

அண்மையில் கனடாவின் ரொறன்ரோ நகரில் என் பெறாமகளுக்குக் குழந்தை பிறந்தது. "பெரியம்மா, இந்த மவுண்ட் சினாய் வைத்தியசாலையைத் தொடங்கினது யூதப் பெண்களாம். உங்கட சங்கம் மாதிரித்தான்" என்றாள். அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வன்முறைக்கும் வறுமைக்கும் தப்பி ரொறன்ரோ வந்த யூதர்கள் பேசியது இத்திஷ் மொழி. வைத்தியசாலைகளில் ஆங்கிலமே பேசப்பட்டது. அவர்களது மத முறைப்படியான உணவு கிடைக்கவில்லை. யூத வைத்தியர்களுக்கு அங்கு பதவியும் கொடுக்கப்படவில்லை.

1913ஆம் ஆண்டில் புலம்பெயர்ந்த யூதப் பெண்கள் நால்வர் வீடு வீடாகச் சென்று பணம் சேர்க்கத் தொடங்கினர். அவர்களது சங்கத்தின் பெயர் 'எஸ்ராஸ் நோஷிம்'. பெண்களுக்கு உதவி என்பது அதன் பொருள். 1922இல் யோர்க்வில் அவென்யூவில் 12,000 டொலருக்கு ஒரு கட்டடம் வாங்கினர். டொரத்தி டுவோர்க்கின் என்ற தாதியும் இம்முயற்சியில் முன்னின்று உழைத்தார். 1923இல் அது மகப்பேற்று வைத்தியசாலையாகத் திறக்கப்பட்டது. பின்னர் 'மவுண்ட் சினாய்' எனப் பெயர் பெற்றது. 1953இல் பெரிய கட்டடத்திற்கு மாறியது. இன்று சிக்கலான பிரசவங்களுக்கும் குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்புக்கும் பெயர்பெற்றது. இன, மத பேதமின்றி எல்லோருக்கும் சிகிச்சை அளிக்கிறது.

சகோதரிகளே, முதல் வீட்டுக் கதவைத் தட்டியதிலிருந்து வைத்தியசாலை திறக்கப் பத்து ஆண்டுகள் சென்றன.

எமது மாதர் சங்கத்தில் கர்ப்பிணித் தாய்மாரின் இரவு ஓட்டோச் செலவுக்கென வாரம் ஐம்பது ரூபாய் சேர்க்கிறோம். "இந்தச் சில்லறையால என்ன நடக்கப்போகுது? பிரிச்செடுப்பம்" என்று சிலர் கேட்டனர். கடந்த கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். பணத்தைப் பிரிக்கவில்லை. அத்துடன் இன்னொரு முடிவும் எடுத்தோம். கர்ப்பிணியைக் கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றினால், சிங்களம் தெரிந்த ஒருவர் கூடவே போவார். அதற்கு இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

நான் பட்ட தனிமை எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். உங்கள் ஊர்ச் சங்கத்திலும் இதைப் பேசிப் பாருங்கள்.