இளம் உடலின் சர்க்கரைக் கணக்கு: எதை அளப்பது, யாரிடம் கொடுப்பது?

சில மாதங்களுக்கு முன் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் எங்கள் சட்ட உதவி அலுவலகத்திற்கு வந்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. ஊழியர் நலத் திட்டம் என்ற பெயரில் அந்நிறுவனம் அவருக்கு ஒரு சிறிய வட்டக் கருவியைக் கொடுத்திருந்தது. மேற்கையின் பின்புறத்தில் அதை ஒட்டிக்கொண்டால், இரவும் பகலும் சர்க்கரையின் அளவு திறன்பேசியில் வந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் நள்ளிரவில் 58 என்று காட்டி எச்சரிக்கை ஒலித்தது. வீட்டார் பதறிப்போய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே விரல்நுனி இரத்தத்தில் பார்த்தபோது 91 இருந்தது. ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அவருடைய மேலாளர், "உடம்பு இப்போது பரவாயில்லையா?" என்று விசாரித்திருக்கிறார். இளைஞர் அலுவலகத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. "அவருக்கு எப்படித் தெரிந்தது?" என்பதுதான் அவர் எங்களிடம் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்விக்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது? அந்த எண் யாருக்குச் சொந்தம்? நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆனால் ஓர் ஆவணம் கைக்கு வந்தால், அது எதை மெய்ப்பிக்கிறது, எதை மெய்ப்பிக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் தொழில். உடலைப் பற்றிய எண்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலில் கருவி. அதன் அடியில் முடியிழை போன்ற மெல்லிய கம்பி ஒன்று தோலுக்குக் கீழே செல்கிறது. அது தொடுவது இரத்தத்தை அன்று. உயிரணுக்களுக்கு இடையே உள்ள திசுநீரை. அந்நீரிலுள்ள குளுக்கோஸ் கம்பியின் மீது பூசப்பட்ட நொதியுடன் வினைபுரியும்போது சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அதுவே எண்ணாக மாற்றப்படுகிறது. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் திசுநீரை எட்டச் சில நிமிடங்கள் ஆகும். நல்ல கருவிகளிலும் ஆய்வக அளவோடு ஒப்பிட்டால் சராசரியாகப் பத்து விழுக்காடு அளவுக்கு வேறுபாடு இருக்கக்கூடும். கருவி ஒட்டிய கையின் மீதே சாய்ந்து தூங்கினால், அழுத்தத்தால் அவ்விடத்தில் திசுநீரின் ஓட்டம் குறைந்து, பொய்யான தாழ்வு தோன்றும். மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள். நம் இளைஞர் இடப்பக்கம் சாய்ந்து தூங்குபவர். கருவி இருந்ததும் இடக்கையில்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இக்கருவி பெரும் துணை. தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்து உயிர் போகாமல் காப்பது அது. அதைக் குறைத்துப் பேசுவது எங்கள் நோக்கமன்று. இப்போது நடப்பது வேறு. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், இன்சுலின் பயன்படுத்தாத பதினெட்டு வயது நிரம்பியோர் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே வாங்கக்கூடிய முதல் கருவிக்கு இசைவளித்தது. அதன்பின் நோயற்ற இளைஞர்களே சந்தையின் இலக்காகிவிட்டனர். இட்லிக்குப் பின் எவ்வளவு ஏறியது, வாழைப்பழத்துக்குப் பின் எவ்வளவு என்று வரைபடம் பார்த்து அஞ்சும் பழக்கம் நகரங்களில் பரவுகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவு இல்லாத 153 பேருக்கு இத்தகைய கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். நாளின் 96 விழுக்காடு நேரம் அவர்களுடைய அளவு 70க்கும் 140க்கும் இடையில் இருந்தது. எஞ்சிய சிறு நேரத்தில் நலமுள்ளவர்களுக்கும் அது 140ஐத் தாண்டத்தான் செய்கிறது. ஆகவே பொங்கல் சாப்பிட்ட பின் ஒருமுறை 150 தெரிந்தால் அது நோய் அன்று. நோயற்ற இளைஞர் இந்த மேடுபள்ளங்களைச் சமன்படுத்திக்கொண்டால் பிற்காலத்தில் நீரிழிவு வராது என்பதற்கு வலுவான நீண்டகாலச் சான்றும் இதுவரை இல்லை. தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாக விற்கப்படும் கைக்கடிகாரங்கள், மோதிரங்கள் பற்றியோ பேசவே தேவையில்லை. அப்படி எதற்கும் தான் இசைவளிக்கவில்லை என்று அதே நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்துவிட்டது.

அப்படியானால் இளைஞர்கள் எதையும் அளக்க வேண்டாமா? வேண்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 விழுக்காடு. அரசின் தேசிய அளவிலான பரிசோதனைத் திட்டமோ முப்பது வயதிலிருந்துதான் தொடங்குகிறது. இருபதுகளில் இருப்பவரை அத்திட்டம் தேடி வருவதில்லை. அவரே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்க வேண்டியவை சில எளிய சோதனைகளே. இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து எடுக்கும் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு, 126உம் அதற்கு மேலும் நீரிழிவு, இடைப்பட்டது எச்சரிக்கை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இயல்பு, 6.5உம் அதற்கு மேலும் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நோய் என்று தீர்மானிக்கக் கூடாது. மறுசோதனையோ மற்றொரு சோதனையோ அதை உறுதிப்படுத்த வேண்டும். இவற்றோடு இரத்த அழுத்தமும் இடுப்புச் சுற்றளவும் பார்த்துக்கொள்ளலாம். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்ற எல்லையைத் தாண்டினால் கவனம் தேவை. சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையில் வயது, இடுப்பு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்பவை மட்டுமே கேட்கப்படுகின்றன. அதற்கு ஒரு தையல்காரரின் நாடா போதும்.

எச்பிஏ1சி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்களில், குறிப்பாக நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் நோயில், குறைவாகக் காட்டக்கூடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது என்பதே இதன் பொருள். அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதும் பாதுகாப்பானவை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்கள் பிள்ளை பெற்ற சில வாரங்களில் மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்களில் பிள்ளையின் தடுப்பூசிக்குப் போகும் தாய் தன் இரத்தத்தைக் கொடுக்காமலே திரும்பிவிடுகிறாள்.

"நான் ஒல்லி, எனக்கு எங்கே சர்க்கரை வரப்போகிறது" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். அது பணக்கார நோய், பருத்தவர் நோய் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. இது உயிரைப் பறிக்கும் பொய். குழந்தைப் பருவத்திலிருந்தே போதிய உணவின்றி வளர்ந்த மெலிந்த இளைஞர்களுக்கு வரும் ஒருவகை நீரிழிவு 1955இல் ஜமைக்காவில் முதலில் விவரிக்கப்பட்டது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு தனி வகையாக ஏற்றது. 1999இல் சான்று போதவில்லை என்று பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஏழைகளின் நோய் ஒன்று, அதை ஆராய ஆளில்லாததாலேயே இல்லாமல் போனது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, இவர்களின் உடலில் இன்சுலின் சுரப்பே குறைந்திருப்பதைக் காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் மாநாட்டில் அது ஐந்தாம் வகை நீரிழிவு என அங்கீகாரம் பெற்றது. இதை முதல் வகை என்று தவறாகக் கணித்து வழக்கமான அளவு இன்சுலின் கொடுத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். யாருடைய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அடுப்பு அணைந்து கிடந்தது என்பது இத்தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரணமின்றி எடை குறைவது, அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர் கழிப்பது, ஆறாத புண் ஆகியவை இருந்தால் ஒல்லியான உடலையும் உடனே சோதிக்க வேண்டும். கையில் ஒட்டும் கருவியின் விளம்பரங்களில் இந்த உடல்கள் இடம்பெறுவதில்லை.

எச்சரிக்கை எல்லையில் இருப்பவர் அஞ்சி ஒடுங்க வேண்டியதும் இல்லை. சென்னையில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் வாசலில் நின்ற 531 பேரில் ஒப்பீட்டுக் குழுவில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் கைக்கொண்ட குழுவில் அது 39.3. தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், முட்டை, கீரையைக் கூட்டுவதே மாற்றத்தின் பெரும்பகுதி. விடுதி உணவை நம்பியிருக்கும் மாணவருக்கு அது அவர் கையில் இல்லை என்பதையும் அறிவோம். முட்டையும் பருப்பும் கேட்டு மனு எழுதுவதும் சர்க்கரை மருத்துவத்தில் சேர்ந்ததே.

இனி, எண் யாருக்குச் சொந்தம் என்பது. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றனர். 2023இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது தடையற்றதாக, குறிப்பிட்டதாக, விவரம் அறிந்ததாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் உடல்நலத் தகவலுக்கென்று கூடுதல் பாதுகாப்பு எதையும் அது தனியே வகுக்கவில்லை; அதை ஒரு பின்னடைவாகவே கருதுகிறோம். வேலைவாய்ப்பு நோக்கங்களுக்கு ஒப்புதல் இன்றியே தரவைப் பயன்படுத்த 7ஆம் பிரிவு இடம் தருகிறது. நலத்திட்டத்தின் சர்க்கரை வரைபடம் அந்தப் பிரிவுக்குள் வராது என்பது எங்கள் வாதம். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டாலும், முதன்மையான கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை 2011இன் விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி உடல்நிலை நுண்ணுணர்வுத் தகவல். எழுத்து மூலமான ஒப்புதல் இன்றி நிறுவனம் அதைத் திரட்டக் கூடாது. தர மறுக்கவும், தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு.

காப்பீட்டைப் பற்றியும் பலர் அஞ்சுகிறார்கள். 2024இன் காப்பீட்டு ஒழுங்குமுறைகளின்படி, முன்பே இருந்த நோய் என்பது பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்தது அல்லது மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ அளித்தது. செயலி காட்டிய ஒரு சிவப்பு எண் மருத்துவரின் கண்டறிதல் ஆகாது. ஆயினும் விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். மறைத்தால் பின்னாளில் அதுவே உங்களுக்கு எதிரான ஆவணமாகும். தெரிவித்த நோயை அறிந்தே பாலிசி கொடுத்த நிறுவனம், அதே நோயைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று மன்மோகன் நந்தா வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

அந்த இளைஞரின் சார்பில் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாகவும், இதுவரை திரட்டிய அளவுகளை அழிக்குமாறும், அவற்றை யார் யார் பார்த்தார்கள் என்று தெரிவிக்குமாறும் கேட்டிருந்தோம். அழித்துவிட்டோம், திட்டம் விருப்பத்தின் பேரிலானது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. யார் பார்த்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதம் போயிருக்கிறது. இதற்கிடையே அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்த்துக்கொண்டார்: 94. உடன் சென்ற, அவரைவிட மெலிந்த தம்பிக்கு 131. தம்பியின் மறுசோதனை அடுத்த வாரம்.