ஒரு பந்துகூட எறியாத பந்தெறிவாளர்

அமெரிக்க பேஸ்பால் பதிவேட்டில் லாரி யவுன்ட் என்ற பெயருக்கு நேரே ஒரு விசித்திர வரி இருக்கிறது. ஆடிய ஆட்டங்கள் 1. சந்தித்த மட்டையாளர்கள் 0. இத்தனைக்கும் அவர் பந்தெறிவாளர்!

1971 செப்டம்பர் 15, ஹூஸ்டன். அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ். ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோஸ் அணி 21 வயது யவுன்ட்டை மாற்று எறிவாளராக, அதாவது முன்பு எறிந்தவருக்குப் பதிலாக நடுவில் இறங்குபவராக, அழைத்தது. அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீகில் அவருக்கு முதல் ஆட்டம். இப்படி இறங்குபவர் கைபழகச் சில பந்துகளை எறிந்து பார்க்கலாம்; அவை கணக்கில் சேராது. ஏற்கெனவே நோவெடுத்திருந்த முழங்கை அந்த ஒத்திகையிலேயே மறுத்துவிட்டது. திரும்பி நடந்தார். ஆனால் பெயரை அறிவித்தாயிற்றே! விதிப்படி அவர் ஆடியவர்தான். அதன்பின் மேஜர் லீகில் அவர் இறங்கவே இல்லை.

முழங்கைக்கு அப்படி என்ன வேலை? கிரிக்கெட்டில் பந்துவீசும்போது மடங்கிய முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது ‘த்ரோ’, குற்றம். பேஸ்பாலில் அந்தக் குற்றம்தான் கலையே. முழுவேக எறிதலில் மேற்கை தோளில் சுழலும் வேகம் நொடிக்குச் சுமார் 7,000 டிகிரி. நம் வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுவதைப்போல மூன்று மடங்கு! நல்லவேளை, அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

அந்தக் கணத்தில் முழங்கையைப் பக்கவாட்டில் பிளக்கப் பார்க்கும் விசை, விரல்நுனியில் ஒரு காலி சமையல் காஸ் சிலிண்டரைத் தொங்கவிட்டதற்குச் சமம். தடுத்து நிற்பது உட்பக்கத்துப் பிணைநார், எலும்போடு எலும்பைக் கட்டும் சிறு பட்டை. ஆய்வகத்தில் தனியாக இழுத்துப் பார்த்தால் இதில் ஏறக்குறைய பாதி விசையிலேயே அது அறுந்துவிடுகிறது. மீதிச் சுமையைச் சுற்றியுள்ள தசைகள் வாங்கிக்கொள்கின்றன. தசை ஒரு நொடித்துளி அசந்தால் போச்சு.

1974 செப்டம்பரில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், இந்த நார் அறுந்துபோன டாமி ஜான் என்ற எறிவாளருக்கு மணிக்கட்டுத் தசைநாண் ஒன்றை எடுத்து முழங்கையில் கோத்துவிட்டார். அதன்பின் டாமி ஜான் 164 ஆட்டங்களை வென்றார். எடுத்த இடத்தில் குறை தெரியாதா? கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டிவைத்து மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பாருங்கள். நடுவே கயிறுபோல் புடைப்பதுதான் அந்தத் தசைநாண். புடைக்கவில்லையா? பிறவியிலேயே அது இல்லாதவர்கள் ஏராளம். அவர்களுக்கும் கை நன்றாகத்தான் வேலை செய்கிறது.