முதல் மூன்று வாரம்

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரி வாசலில் போய் நின்றால் ஒரே மாதிரிக் காட்சியைப் பார்க்கலாம். கட்டைப்பையில் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், அவற்றின் மூன்று நான்கு நகல்கள். பையைக் கையை விட்டு இறக்காத அப்பா. பக்கத்தில் புதுச் செருப்பும் புதுச் சுடிதாருமாக மகள். உள்ளே குளிரூட்டப்பட்ட ஆடிட்டோரியத்தில் முதலாமாண்டு மாணவர் வரவேற்பு விழா தொடங்கியிருக்கும். தாளாளர் பேசுவார், முதல்வர் பேசுவார், வேலைவாய்ப்புப் பிரிவு அதிகாரி எந்தெந்த நிறுவனங்கள் வளாகத்துக்கு வருகின்றன என்று திரையில் காட்டுவார். மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம். மறுநாள் வகுப்பு.

பல கல்லூரிகளில் வரவேற்பு இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு மட்டும் விதிகளில் தெளிவாகவே இருக்கிறது.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017-இல் பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மற்ற கல்லூரிகளுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற பெயரில் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பாடத்துக்கு முன்னால் இடத்தைப் பழக்கு. காலையில் உடற்பயிற்சி அல்லது விளையாட்டு, பிறகு ஓவியமோ இசையோ நாடகமோ ஏதாவது ஒரு கலை, மனித விழுமியங்கள் பற்றிய கலந்துரையாடல், வாசிப்பும் எழுத்தும், ஊரைச் சுற்றிப் பார்ப்பது, துறையின் ஆய்வகங்களை அறிமுகப்படுத்துவது எனத் திட்டம் விரிகிறது. இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு. அவருக்குத் துணையாக மூத்த மாணவர்கள். அந்த ஆசிரியரின் அறைக் கதவைத் தட்ட அடுத்த நான்கு வருடமும் அந்த இருபது பேருக்கும் உரிமை உண்டு.

இது ஏட்டில் மட்டும் பிறந்த யோசனை அல்ல. காந்திநகர் ஐ.ஐ.டி. 2011-லேயே ஐந்து வார அடித்தளப் பயிற்சியைத் தொடங்கி, அது முடிந்த பிறகே வகுப்புகளை ஆரம்பித்தது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் எல்லாத் துறை ஆசிரியர்களும் சிறு குழுக்களில் மாணவர்களோடு உட்கார்ந்து வாழ்க்கை பற்றிப் பேசும் பாடம் நடந்தது. இந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்து வாரணாசி ஐ.ஐ.டி. 2016-இல் செய்து பார்த்த முறைதான் தேசிய அளவுக்கு விரிந்தது.

நெடுந்தூரத்தில் இதற்கு இன்னும் பழைய முன்னோடி ஒன்று உண்டு. 1970-இல் வியட்நாம் போர் எதிர்ப்பு அமெரிக்க வளாகங்களை உலுக்கியபோது, தென் கரோலினா பல்கலைக்கழகத் தலைவர் தாமஸ் ஜோன்ஸை மாணவர்கள் அவருடைய கட்டடத்துக்குள்ளேயே முற்றுகையிட்டார்கள். கலவரம் அடங்கிய பிறகு அவர் தண்டனைகளைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தின் மேல் ஏன் ஒட்டுதல் இல்லை என்று கேட்டார். 1972-இல் ‘யுனிவர்சிட்டி 101’ என்ற முதலாமாண்டுப் பாடம் அப்படித்தான் வந்தது. அதைப் படித்தவர்கள் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வருவது கூடியிருப்பது பிறகு தெரியவந்தது. பாடத்தில் தோற்பதால் மட்டும் ஒரு மாணவர் கல்லூரியை விட்டுப் போவதில்லை. இங்கே யாரும் என்னைத் தேடப் போவதில்லை என்ற எண்ணமும் ஒருவரை வெளியே தள்ளும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் இருக்கிறது. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே கல்லூரி வயதினரில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. அந்த உயரத்துக்கு நம்மை ஏற்றியவர்களில் பெரும்பகுதியினர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பில் சேரும் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் வந்தது, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கதவைத் திறக்கும் வேலையை மாநிலம் நன்றாகவே செய்திருக்கிறது. உள்ளே வந்தவரை உட்கார வைக்கும் வேலை கல்லூரியின் கையில்.

அந்த வேலை எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க, முதல் வாரத்தின் ‘செல்ஃப் இன்ட்ரோ’ ஒன்றே போதும். அறுபது பேர் வகுப்பு. மைக் கை மாறிக்கொண்டே வருகிறது. பெயர், ஊர், பள்ளி, பொழுதுபோக்கு, எல்லாம் ஆங்கிலத்தில். நகரத்துப் பள்ளியிலிருந்து வந்தவர் இரண்டு நிமிடம் பேசுவார். தமிழ் வழியில் படித்தவர் தன் முறை நெருங்க நெருங்க நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய நான்கு வரியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார். முறை வந்ததும் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பன்னிரண்டாம் வகுப்பில் அவர் வாங்கிய கணித மதிப்பெண் அந்த அறையிலேயே அதிகமாக இருக்கலாம். ஆனால் அறுபது பேரும் அவரைப் பற்றி முதலில் அறிந்தது அவருடைய தயக்கத்தை. “தமிழிலும் பேசலாம்” என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அண்ணா பல்கலைக்கழகமே 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியிலும் நடத்துகிறபோது, அறிமுகத்தைத் தமிழில் செய்ய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இதே மாணவர் இரண்டாவது வாரத்தில் வேறு ஆளாக மாறுவதையும் பார்க்கலாம். அந்த வாரம் மன்றங்கள் ஆள் சேர்க்கும் வாரம். ஆடிட்டோரியத்துக்கு வெளியே மேசை போட்டு நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., தமிழ் மன்றம், புகைப்படக் குழு, ரோபாட்டிக்ஸ் எனச் சீனியர்கள் கூவி அழைப்பார்கள். “தம்பி, எந்த ஊரு? பேரைக் கொடுத்துட்டுப் போ, பிடிக்கலன்னா விட்டுடலாம்.” சாயங்காலம் ‘ஆட்ஜாப்’ நடக்கும். ஒரு குழுவை மேடையேற்றி, இல்லாத ஒரு பொருளின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஓட்டை உள்ள குடை, பேசும் தோசைக்கல், இப்படி. ஓரிரு நிமிட யோசனைக்குப் பிறகு அதற்கு விளம்பரம் நடித்துக் காட்ட வேண்டும். இங்கே ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை. ஊர்த் திருவிழாவில் மைக் பிடித்தவரும், சந்தையில் அப்பாவோடு காய்கறி விற்றவரும் அடித்து ஆடும் மேடை அது. மைக்கைப் பார்த்துப் பயந்த அதே பையன் பேசும் தோசைக்கல்லாகி அரங்கத்தைச் சிரிக்க வைத்துவிட்டு இறங்கும்போது, முன்பின் தெரியாத சீனியர் அக்கா ஒருவர் அவன் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வார்.

விழாக்களின் அருமை இதுதான். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ‘சாரங்’, திருச்சி என்.ஐ.டி.யில் 1975 முதல் நடக்கும் ‘ஃபெஸ்டெம்பர்’ போன்ற பெரிய விழாக்களை நடத்துவது மாணவர்களே. நாற்காலி போடவும் விருந்தினரை அழைத்து வரவும் முதலாமாண்டுப் பிள்ளைகள் தொண்டர்களாகச் சேர்கிறார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் பொறுப்பு கூடுகிறது, வரவு செலவு கையாள்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவையும் ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமும் உண்டு. அந்த முகாமில் பாத்திரம் கழுவும்போது உருவாகும் நட்பை எந்த வரவேற்புரையாலும் உருவாக்க முடியாது.

சீனியர் என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோருக்கு வேறொரு பயம் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் பொன் நாவரசு சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். தமிழ்நாடு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்து, 1997-இல் ராகிங் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. 2009-இல் இமாச்சலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் அமன் கச்ரூ ராகிங்கில் இறந்த பிறகு பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகளை வகுத்தது. சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் தரும் உறுதிமொழி அப்போது வந்ததே. புகார் சொல்ல 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இரவு பகலாக இயங்குகிறது. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

சட்டத்தின் பயத்தில் சில கல்லூரிகள் எளிய வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டன. முதலாமாண்டுக்குத் தனி விடுதி, தனிச் சாப்பாட்டு நேரம், சீனியரோடு பேசவே தடை. முதல் நாட்களில் விடுதியைப் பிரித்து வைப்பது அவசியம்தான். ஆனால் பேச்சையே தடுத்துவிட்டால், எந்த நூலகர் உதவுவார், உதவித்தொகைக்கு எந்த மேசையில் கையெழுத்து வாங்க வேண்டும், முதல் இன்டர்னல் தேர்வில் தோற்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் யார் சொல்வார்கள்? இருபது பேருக்குப் பொறுப்பான ஆசிரியர் முன்னிலையில் சீனியரும் ஜூனியரும் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு விதியிலேயே இருக்கிறது. தடை போடுவதைவிட அதற்கு உழைப்பு அதிகம், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. இந்த நிகழ்ச்சிகள் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே அவற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். மன்றக் கூட்டங்கள் வகுப்பு முடிந்த பிறகு தொடங்கும். அதே நேரத்தில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகக் கிளம்பிவிடும். அதைத் தவறவிட்டால் இரண்டு பேருந்து மாறி இருட்டிய பிறகு வீடு போய்ச் சேர வேண்டிய பெண் எந்த மன்றத்தில் சேர்வாள்? இன்னொரு பக்கம், பல கல்லூரிகளில் வகுப்பு தொடங்கிய பிறகும் சேர்க்கை தொடர்கிறது. கடைசிச் சுற்றிலும் துணைக் கலந்தாய்விலும் இடம் பிடித்தவர்கள் வந்து சேரும்போது அறிமுகப் பயிற்சி முடிந்து, நட்பு வட்டங்கள் உருவாகி, ஆய்வகக் குழுக்களும் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் வரிசை நண்பர்கள் முடிவாகிவிட்ட வகுப்பில் கடைசி பெஞ்ச் மட்டுமே காலியாக இருக்கும்.

சரி செய்வது கடினமில்லை. வாரத்தில் ஒரு நாள் கடைசி இரண்டு பீரியட்களை மன்றங்களுக்கென்று கால அட்டவணையிலேயே ஒதுக்கிவிட்டால் பேருந்துப் பிரச்சினை தீரும். தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் நான்கைந்து நாள் சிறு அறிமுகம் நடத்தி, ஆளுக்கொரு இரண்டாமாண்டு மாணவரைத் துணைக்கு விடலாம். இதற்குப் புது அரங்கமோ பெரிய நிதியோ வேண்டாம். பெற்றோரும் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கும் நாளில் மெஸ் சாப்பாட்டையும் சம்பளப் பேக்கேஜையும் கேட்பதோடு, “என் பொண்ணுக்குப் பொறுப்பான ஆசிரியர் யாருங்க, இப்பவே பார்க்கலாமா?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம்.